வெஸ்லியின் இடப்பக்கம்

நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்தும் ஃபுட்பால் பார்க்காத ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் மேடம். ஒருவகையில் நல்லதுதான். ஆட்டம் தெரிந்தவராக இருந்தால் பாதியிலேயே குறுக்கே பாய்வார், அங்கே ஏன் அப்படிச் செய்தாய், இங்கே ஏன் இப்படிச் செய்யவில்லை என்று. எங்கள் ஊர் டேபர் ஃபோர்க்கில் கறிக்கடைக்காரர் முதல் பாதிரியார் வரை ஒருத்தர் பாக்கியில்லாமல் எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்டுக்கொள்கிற ஆள் என்று தோன்றுகிறது. அதனால்தான் வக்கீல் வேண்டாம் என்றேன்.

வெஸ்லி ஹோலுப் எப்படிச் செத்தான் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் டைட் எண்ட் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும். பொறுமையாகக் கேளுங்கள், அதொன்றும் பெரிய வித்தை இல்லை.

ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்தைக் கையில் இடுக்கி ஓடியோ, எறிந்து பிடித்தோ எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்ட வேண்டும். நடுவில் ஐந்து தடியன்கள் தோளோடு தோள் உரசக் குனிந்து நிற்பார்கள். அது சுவர். எதிராளியைத் தள்ளுவது ஒன்றுதான் அவர்களுக்கு வேலை. எறிகிற பந்தைப் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அந்தச் சுவரை ஒட்டி ஓரத்தில் இன்னொருவன் நிற்பான். அவன்தான் டைட் எண்ட். அவன் சுவரோடு சேர்ந்து தள்ளவும் செய்யலாம், திடீரென்று நழுவி முன்னே ஓடி, வருகிற பந்தைப் பிடிக்கவும் செய்யலாம். எதைச் செய்யப்போகிறான் என்று கடைசி வரை எதிராளிக்குத் தெரியாது. பெரும்பாலான கோச்சுகள் ஒருவனை வைத்துத்தான் ஆடுவார்கள். நான் மூன்று பேரை வைத்து ஆடினேன்.

ஆசைப்பட்டு அப்படிச் செய்யவில்லை. ஓடத் தெரிந்த பையன் என்று எங்கள் பள்ளி அணியில் இருந்தவன் ஒருத்தன்தான், அவனும் கோடையில் குடும்பத்தோடு டென்வர் போய்விட்டான். மிச்சமிருந்ததெல்லாம் பண்ணைப் பையன்கள். வைக்கோல் கட்டு தூக்கி வளர்ந்த உடம்பு. அதில் மூன்று பேர் நல்ல உயரம்: குர்ட், நோலன், வெஸ்லி. மூன்று பேரையும் ஓரங்களில் நிறுத்தினால், இவன்கள் இடித்துக்கொண்டுதான் வரப்போகிறான்கள் என்று எதிரணி கனமான ஆட்களை உள்ளே கூட்டி வரும். கனமானவன் வந்தால் வேகமானவன் வெளியே போக வேண்டும், இல்லையா? அப்போது நாங்கள் இடிக்க மாட்டோம். அவன்கள் தலைக்கு மேலே பந்தை எறிந்துவிடுவோம்.

என் உதவிக் கோச் ஆர்லோ பெனிஷ். நானூறு ஏக்கரில் சோளம் போடுகிறவன், எங்கள் பஸ்ஸை ஓட்டுகிறவனும் அவன்தான். கரும்பலகையில் நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு, "லீலண்ட், மூணு எருதைக் கட்டிவச்சு டான்ஸ் ஆட விடப்போறியா?" என்றான்.

"எருதுதானே இருக்கு நம்மகிட்ட," என்றேன்.

"அதுவும் சரிதான். ஆனா அந்த வெஸ்லி பய கையில பந்து பட்டா பசை போட்ட மாதிரி ஒட்டிக்குது. அவன் இல்லேன்னா மத்த ரெண்டும் வெறும் எருதுதான் பாத்துக்க."

ஆர்லோ சொன்னது உண்மை. இந்த வித்தை மூன்று பேரால் நடப்பதுபோல் வெளியே தெரியும். உள்ளே அது வெஸ்லி ஒருத்தனால் நடப்பது.

அந்த வருடம் எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊர் மெர்ரிட் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடலாமா என்று நவம்பரில் பள்ளி நிர்வாக போர்டு ஓட்டெடுப்பதாக இருந்தது. சேர்ப்பது என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. எங்கள் பையன்கள் மெர்ரிட் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆடுவார்கள், எங்கள் கட்டடத்துக்குப் பூட்டுப் போடுவார்கள், அவ்வளவுதான். பால் பண்ணையை மூடியாயிற்று. வங்கியை மூடியாயிற்று. மளிகைக்கடை போன குளிர்காலத்தில். பள்ளிக்கூடமும் போனால் டேபர் ஃபோர்க்கில் தண்ணீர்த் தொட்டியும் கல்லறையும்தான் மிஞ்சும். ஆனால் மாநிலப் போட்டியில் கடைசி நாலு அணிக்குள் வந்த ஊரின் பள்ளியை மூட யார் கையைத் தூக்குவார்கள்? ஒருத்தர்கூடத் தூக்க மாட்டார். எனக்கு என் ஜனங்களைத் தெரியும்.

மெர்ரிட்டில் ஏற்கெனவே ஒரு கோச் இருக்கிறான். முப்பது வயசு, பல் தெரியச் சிரிப்பான். நான் அங்கே போனால் காலையில் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பேன், மத்தியானம் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையைப் பார்த்துக்கொள்வேன். எனக்குப் பயமாக இருந்தது மேடம். சொல்வதில் வெட்கமில்லை. ஷேவ் பண்ணும்போது நினைப்பு மெர்ரிட்டுக்குப் போய்விடும், வாரத்துக்கு ஒருமுறை தாடையில் பிளாஸ்திரியோடு பள்ளிக்கூடம் போனேன்.

செப்டம்பர் கடைசியில் வெஸ்லிக்குத் தொண்டை கட்டியது. அப்புறம் காய்ச்சல். மெர்ரிட் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மோனோ என்றார். முத்தக் காய்ச்சல் என்று பையன்கள் சொல்வார்களே, அதுதான்.

"யாருடா அந்தப் பொண்ணு? பேரையாவது சொல்லு," என்று குர்ட் அவனை ஒரு வாரம் வாட்டி எடுத்தான்.

"உங்க அக்காதான்," என்றான் வெஸ்லி. குர்ட்டுக்கு அக்கா கிடையாது. உடை மாற்றும் கூடம் முழுக்கச் சிரித்தது.

காய்ச்சல் போய்விடும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் அந்த நோய் வந்தால் மண்ணீரல் வீங்கிவிடும். ஆள் பார்க்க நன்றாக இருப்பான், ஓடுவான், சாப்பிடுவான், உள்ளே அது மட்டும் வீங்கியே கிடக்கும். அதன்மேல் ஒரு இடி விழுந்தால் கிழிந்துவிடும். அதனால் சில வாரம் ஆடக் கூடாது, அதன் பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, வற்றியிருந்தால் ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அதை மதித்தேன். அவனை உட்கார வைத்தேன். உட்கார வைத்த ஆட்டம் இரண்டிலும் தோற்றோம். இன்னும் ஒன்று தோற்றால் மாநிலப் போட்டிக்கே போக முடியாது.

ஸ்கேன் எடுக்க லிங்கன் நகரத்துக்குப் போக வேண்டும். அவன் அம்மா மார்லீன் முதியோர் இல்லத்தில் மாலை ஷிப்ட். அந்த வாரம் அங்கே ஆள் பற்றாக்குறை, லீவு கிடைக்கவில்லை. எனக்குப் போன் செய்தாள்.

"கோச், கேக்கவே கூச்சமா இருக்கு. நீங்க அவனைக் கூட்டிட்டுப் போய்ட்டு வர முடியுமா? கையெழுத்தெல்லாம் போட்டுக் குடுத்துடறேன்."

"இதுல கூச்சப்பட என்ன இருக்கு மார்லீன்? அவன் எனக்கும் பிள்ளை மாதிரிதானே," என்றேன்.

இதை நான் மனசாரச் சொன்னேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியிலேயே போனோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். குளிருக்கு முன்னால் வீட்டுக் கூரையைச் சரிபண்ண வேண்டும் என்றான், அம்மா ஏணியில் ஏறினால் அவனுக்குப் பயமாம். ஸ்கேன் முடிந்து அவன் உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு இளம் டாக்டர் வெளியே வந்தார். தூக்கமில்லாத கண். "அப்பாவா?" என்றார். நான் தலையை ஆட்டினேனா என்று சத்தியமாக ஞாபகமில்லை. இல்லை என்று சொல்லவில்லை, அது ஞாபகமிருக்கிறது. அவன் அப்பா அவனுக்கு ஆறு வயதாக இருக்கும்போதே வயோமிங் பக்கம் போனவர், திரும்பிப் பார்க்கவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலிதானே.

"இன்னும் வத்தல," என்றார் டாக்டர். "இடது பக்கம், விலாவுக்கு உள்ள மறைஞ்சு இருக்க வேண்டியது. இப்ப விலாவைத் தாண்டி வெளிய எட்டிப் பாக்குது. ஒரு இடி போதும். இன்னும் ஒரு மாசம் அவன் ஆட்டத்துப் பக்கமே போகக் கூடாது. உள்ளூர் டாக்டருக்கு ரிப்போர்ட் அனுப்பிடட்டுமா?"

பள்ளிக்கூட முகவரிக்கு, என் பெயர் போட்டு அனுப்பச் சொன்னேன். டாக்டர் இன்னொன்றும் சொன்னார். அதை அதன் இடத்தில் சொல்கிறேன்.

வெஸ்லி ஷூ கயிறைக் கட்டியும் கட்டாமலும் வெளியே வந்தான். "என்ன சொன்னாங்க கோச்?"

"சரியாயிடுச்சாம்," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொல்வதற்கு முன்னால் நிறைய யோசித்தேன் என்று சொன்னால் நீங்கள் என்னைக் கொஞ்சம் நல்லவனாக நினைப்பீர்கள். யோசிக்கவில்லை. அவன் நின்ற இடத்திலேயே எம்பிக் குதித்து உத்தரத்தைக் கையால் தட்டினான். அந்தப் பக்கம் போன நர்ஸ் ஒருத்தி சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மார்லீனுக்குப் போன் போட்டு அதே வார்த்தையைச் சொன்னேன். அவள் போனிலேயே அழுதுவிட்டாள். மறுநாள் ஒரு தட்டு நிறைய ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பள்ளி நர்ஸ் வாரத்தில் இரண்டு நாள் வருகிறவள். கோச் சொன்னால் அவளுக்கு அது போதும்.

இப்போது நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. பையனை நான் அப்படியே கொண்டுபோய்க் களத்தில் தள்ளிவிட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவனுடைய இடப்பக்கத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த வார இறுதி முழுவதும் சமையலறை மேஜையில் உப்புக் குப்பி, மிளகுக் குப்பி எல்லாவற்றையும் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். முதலில் அவனைச் சுவரின் வலது ஓரத்துக்கு மாற்றினேன். அங்கே நின்றால் அவன் இடப்பக்கம் உள்பக்கமாக வரும். அவனுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டாவது டைட் எண்டாகக் குர்ட்டை நிறுத்தினேன். ஆக, நிற்கும்போது அவன் இடப்பக்கத்துக்குக் குர்ட் காவல். ஓடும்போது? முன்னால் ஓடுகிறவன் பந்தைப் பிடிக்க உள்ளே, அதாவது இடது கைப்பக்கம் திரும்பினால், எதிரே வருகிற ஆட்களுக்கு அவன் வலது பக்கம்தான் கிடைக்கும். வெளியே, வலது கைப்பக்கம் திரும்பினால் இடப்பக்கத்தைத் திறந்து காட்டிவிடுவான். கையில் ஒரு கோப்பையை வைத்துத் திருப்பிப் பாருங்கள், புரியும். அதனால் அவனுக்கு உள்ளே திரும்புகிற ஓட்டம் மட்டும்தான் கொடுத்தேன். பின்னாலிருந்து யாராவது வந்து இடித்தால்? அதற்கும் யோசித்தேன். அவனுக்குப் பின்னால், குறைந்த தூரத்தில், குர்ட்டைக் குறுக்கே ஓட விட்டேன். அந்தப் பக்கத்து ஆட்கள் குர்ட்டின் பின்னால் போய்விடுவார்கள். நோலன் இடது ஓரத்தில் நின்று தள்ளிக்கொண்டிருப்பான்.

பேப்பர்க்காரர்கள் அதைப் புதுமை என்று எழுதினார்கள். பாஸ் எறிகிற ஆட்டத்தில் மூன்று டைட் எண்டா, என்ன துணிச்சல் என்று. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக என் படம் வந்தது. அந்த ஏற்பாடு ஒரு பையனின் விலாவுக்குக் கட்டிய வேலி என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் பழைய மெத்தையைக் கிழித்து அவன் சட்டைக்குள் வைக்க இரண்டு மடங்கு பஞ்சுப் பட்டை தைத்துக் கொடுத்தேன். ராசிக்கு என்றேன். நம்பினான்.

ஜெயிக்க ஆரம்பித்தோம். வரிசையாக ஜெயித்தோம். ஊர் மாறிப்போனது மேடம், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூடிய கடைகளின் கண்ணாடியில்கூட எங்கள் நிறத்தில் காகிதம் ஒட்டினார்கள். போர்டு தலைவர் என் முதுகில் தட்டினார். நான் மட்டும் ஒரு ஆட்டத்தையும் பார்க்கவில்லை. பந்து எங்கே போகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள், நான் வெஸ்லியின் இடப்பக்கத்தைப் பார்ப்பேன். அவன் விழுகிறபோதெல்லாம் எழுகிற வரை விநாடிகளை எண்ணுவேன். எழுந்துவிட்டால், இன்னொரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கேட்டுக்கொள்வேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஒருநாள் பயிற்சி முடிந்து வெஸ்லி தயங்கித் தயங்கி வந்தான். "கோச், எனக்கு ஏன் வெளிப்பக்கம் குடுக்கவே மாட்டேங்குறீங்க?"

"வலப்பக்கம் திரும்பறப்ப உனக்குக் கால் பின்னுதுடா," என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அவனுக்கு எந்தப் பக்கமும் கால் பின்னாது.

"அப்படியா?" என்றான். முகம் சுருங்கிப்போனது.

இரண்டு வாரம் கழித்து மார்லீன் தபால் நிலையத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கோச், என் தூக்கத்துக்கு நீங்கதான் பதில் சொல்லணும். விடிஞ்சா போதும், சோளக் குதிர்மேல பந்தை அடிச்சு அடிச்சு, வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பிடிக்கிறான். டமார் டமார்னு. என்னடா இதுன்னா, கோச்சுக்கு என் கால்மேல நம்பிக்கை வரணும்மாங்கிறான்."

நானும் அவளும் சிரித்தோம்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மாநிலப் போட்டிக்கு வந்துவிட்டால், எங்கள் பழைய ஆட்டங்களின் வீடியோவை எதிரணிக்கு நாங்களே அனுப்ப வேண்டும். அவர்களும் அனுப்புவார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம். ஆக, எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒன்றைக் கவனிப்பார்கள்: இந்த ஹோலுப் பையன் எப்போதும் உள்ளேதான் திரும்புவான், ஒருமுறைகூட வெளியே போக மாட்டான். இது எனக்கு எப்போது உறைத்தது என்று கேட்டால், இரண்டாவது வெற்றிக்குப் பிறகு. பாதுகாப்புக்காக நான் செய்துகொண்டிருந்தது இன்னொரு பக்கம் தூண்டில் புழுவாகவும் ஆகிக்கொண்டிருந்தது. நான் அதைத் தேடிப் போகவில்லை. அதுவாக வந்து கையில் உட்கார்ந்தது. பயன்படுத்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பலமுறை சொல்லிக்கொண்டேன். பயன்படுத்த நினைக்காதவன் எதற்காகப் பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

அவன் ஆடிய கடைசி ஆட்டம் மேற்கே, மணல் மேடுகள் பக்கத்து ஊரில். மத்தியான ஆட்டம், எலும்புக்குள் போகிற காற்று. அதில் ஜெயித்தால் நாங்கள் கடைசி நாலில் ஒருவர். போர்டு கூட்டம் அடுத்த திங்கள்கிழமை. ஆட்டம் முடிய ஒரே ஒரு எறி பாக்கி இருந்தபோது நாங்கள் நாலு புள்ளி பின்னால் இருந்தோம். கோட்டுக்கு ஆறு கெஜம், அதைத் தாண்டிப் பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிப் பையன்களைக் கூப்பிட்டேன்.

எதிரணி எப்படி நிற்கிறது என்று பார்த்தேன். வெஸ்லிக்கு உள்பக்கத்தில் மூன்று பேர், அவன் திரும்பப்போகிற இடத்தை அடைத்துக்கொண்டு. வெளிப்பக்கம், கொடி நடுகிற மூலை, துடைத்துவிட்ட மாதிரி காலி. ஒருத்தன் மட்டும் ஆழத்தில் நின்றான், இருபத்தொன்றாம் நம்பர் சட்டை. அவன் அந்த மூலைக்கு வந்து சேர்வான், ஆனால் பந்து வந்த பிறகுதான் வருவான். வெஸ்லி பிடிப்பதைத் தடுக்க அவனுக்கு நேரமிருக்காது. இடிக்க நேரமிருக்கும். அதையும் நான் பார்த்தேன் மேடம். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். என் தொழிலே அதுதான், யார் எங்கே எப்போது வந்து சேர்வார்கள் என்று பார்ப்பது.

"வெஸ்லி, வெளியே," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "வெளியவா? எனக்கா கோச்?"

"உனக்குத்தான்."

"நான் பழகிட்டேன்," என்றான். கண்ணெல்லாம் பளபளவென்று. "நீங்க பாருங்க. இப்ப கால் பின்னவே பின்னாது."

பின்னவில்லை. மூன்று எருதும் குனிந்து நின்றன. எதிரணி உள்ளே பாய்ந்தது. வெஸ்லி இரண்டு எட்டு உள்ளே போவதுபோல் போய், வலப்பக்கம் திரும்பி, மூலைக்கு ஓடினான். இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டிப் பந்தைப் பிடித்தான். கையை நீட்டினால் விலா எப்படித் திறந்துகொள்ளும் என்று உங்களுக்கே தெரியும். இருபத்தொன்றாம் நம்பர் பையன் தோளைக் கொடுத்தான். முறையான இடி. அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அநியாயம் பிடிக்காது. அவனே கை கொடுத்து வெஸ்லியைத் தூக்கிவிட்டான்.

ஜெயித்துவிட்டோம். ஊரே களத்துக்குள் ஓடி வந்தது. மார்லீன் வந்து அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "மெதுவாம்மா, மெதுவா," என்று அவன் முகத்தைச் சுளித்தான். அவளுக்கு மாலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, அவள் தன் காரில் முன்னால் போக வேண்டும்.

"பத்திரமா கூட்டிட்டு வந்துருங்க கோச்," என்றாள்.

"கவலைப்படாதே. என் பக்கத்துலயே உக்கார வச்சுக்கறேன்," என்றேன்.

சொன்னபடி பஸ்ஸில் முன் வரிசையில் அவனை ஜன்னலோரம் உட்கார வைத்து, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரப் பயணம். பின்னால் பாட்டும் கூத்தும் பீட்ஸா பெட்டியுமாக ஒரே அமளி. வெஸ்லி ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "கோச், தோள் வலிக்குது," என்றான்.

"எந்தத் தோள்?"

"இடது. ஆனா அங்க யாரும் இடிக்கவே இல்ல. விழுந்தது அந்தப் பக்கமும் இல்ல. அதான் விளங்கல."

டாக்டர் சொன்ன இன்னொரு விஷயத்தை இப்போது சொல்கிறேன். "அடி எதுவும் படாம இடது தோள் வலிக்குதுன்னு சொன்னா, உள்ள கிழிஞ்சு ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். அப்ப ஒரு நிமிஷம் யோசிக்காதீங்க, பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருந்தாலும் கொண்டுபோங்க," என்று சொல்லியிருந்தார். மறந்துபோகிற மாதிரி சொல்லவில்லை. என் கையைப் பிடித்துச் சொன்னார்.

நான் முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஐஸ் பையை எடுத்து அவன் தோளில் வைத்தேன்.

"சுளுக்கு. காலையில சரியாயிடும்," என்றேன்.

"தேங்க்ஸ் கோச்," என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பழைய ஸ்கேன் எங்கே என்பார்கள். யார் ஆட விட்டது என்பார்கள். ஜெயித்த ஆட்டத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், திங்கள்கிழமை போர்டு கையைத் தூக்கும். ஊரே இரண்டு வரிசை பின்னால் பாடிக்கொண்டிருந்தது மேடம். அதன் வாயை நான் எப்படி அடைப்பது? சுளுக்காகவும் இருக்கலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது தப்பு. சுளுக்காக இருக்கட்டும் என்று கெஞ்சினேன். உள்ளுக்குள்ளே பிச்சைக்காரன் மாதிரி கெஞ்சிக்கொண்டே வந்தேன். அவன் நெற்றியைத் துடைத்தேன், வியர்வை சில்லென்று இருந்தது. என் கோட்டைக் கழற்றிப் போர்த்தினேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். அம்மாவிடம் கூரை விஷயம் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லச் சொன்னான். அப்புறம் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டான்.

நெடுஞ்சாலையில் ஒரு ஊர் பிரிகிற இடத்தில், ஆஸ்பத்திரி என்று நீலப் பலகை இருக்கிற இடத்தில், ஆர்லோ வேகத்தைக் குறைத்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"லீலண்ட், பையன் முகம் சுண்ணாம்பா வெளுத்துக் கிடக்கு. உள்ள விடட்டுமா?"

"தூங்கறான் ஆர்லோ."

"தூங்கற மூஞ்சியா இது? எனக்குச் சரியாப் படல. அஞ்சு நிமிஷம்தான் ஆகும், காட்டிட்டுப் போயிருவோம்."

"அவனுக்கு என்னன்னு எனக்குத் தெரியும். நீ போ," என்றேன்.

ஆர்லோவுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. போனான். அவனையும் விட்டுவிடுங்கள். அவன் இப்போது யாரோடும் பேசுவதில்லை, சோளத்தைக்கூட அறுக்காமல் வயலிலேயே விட்டுவிட்டான் என்று கேள்வி.

பள்ளிக்கூட வாசலில் பேண்டு வாத்தியத்தோடு காத்திருந்தார்கள். பையன்கள் ஒவ்வொருவராக இறங்கும்போது, "எந்திரிடா வெஸ்லி, உனக்குத்தான் வாசிக்கிறாங்க," என்று குர்ட் அவன் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனான். அவன் எழுந்திருக்கவில்லை. நான் அவனை எழுப்பவும் இல்லை. எல்லோரும் இறங்கி முடிகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன், என் தோள் மரத்துப்போயிருந்தது.

போர்டு போன வாரம் கூடியது. பள்ளிக்கூடத்தை மூடுவதற்கு எல்லாரும் கையைத் தூக்கினார்களாம், ஒருத்தர்கூட எதிர்த்துப் பேசவில்லையாம். மார்லீன் என்னைப் பார்க்க வரவில்லை. கொலாச்சித் தட்டு இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது, கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். நீங்கள் போகிற வழியில் கொடுத்துவிட முடியுமானால் உபகாரமாக இருக்கும்.

அந்தத் தாளை இப்படித் தள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஸ்கேன் எப்படி இருந்தது என்று தெரிந்தே ஆட விட்டேன். இடி எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்தே வெளியே என்றேன். தோள் வலி என்ன சொல்கிறது என்று தெரிந்தே ஐஸ் வைத்தேன். எல்லாம் சரி. ஆனால் அவனை நான் கவனிக்காமல் விட்டேன் என்று மட்டும் அதில் எழுதியிருக்கிறீர்கள், அதை அடித்துவிடுங்கள். அந்த மூன்று மணி நேரமும் யாரும் வந்து மோதிவிடாதபடி நான் அவனுக்கு இடப்பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.